மஞ்சள் கல்

சாம்ராஜ்நகர் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் பைக்கின் திரையில் அம்புக்குறி வலப்பக்கம் மடங்கியது. நானும் திரும்பினேன். அந்த ரோட்டுக்கு நான் புதுசாக இருந்திருந்தால் இதில் எழுத ஒன்றுமே இல்லை. ஆனால் ஈரோட்டுக்கும் மைசூருக்கும் நடுவே பதினெட்டு வருஷம் லாரி ஓட்டியவர் என் அப்பா. பள்ளிக்கூட லீவு நாட்களில் கேபினில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளையும் விரல்விட்டு எண்ணி வளர்ந்தவன் நான். சத்தியமங்கலம் போக ஆசனூருக்கு நேராகப் போகணும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அப்படியும் திரும்பினேன். ஏன் திரும்பினேன் என்பதைத்தான் அன்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அன்று காலையில் மைசூர் லாட்ஜில் வண்டிக்கு ஒரு சாஃப்ட்வேர் அப்டேட் வந்திருந்தது. இப்போதைய டூரிங் பைக்குகள் பாதி கம்ப்யூட்டர்தான். ஆக்ஸிலரேட்டரைத் திருகினால் கேபிள் இழுபடுவதில்லை, சிக்னல் போகிறது. ஏபிஎஸ், இன்ஜின், திரை என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மூளை. 2006-லேயே ஹோண்டா கோல்ட்விங்கில் வழிகாட்டும் கருவி வந்துவிட்டது. என் வண்டி அந்த வகையறா இல்லை, நடுத்தர விலை. போனில் இருக்கிற ஆப் வழியைக் கணக்குப் போடும், திரை அதைக் காட்டும், ஹெல்மெட்டுக்குள் ஒரு பெண்குரல் சொல்லும். அப்டேட்டில் என்ன மாறியிருக்கிறது என்ற இடத்தில் ஒரே ஒரு வரி: "பயண அனுபவம் மேம்படுத்தப்பட்டுள்ளது." சரி என்று அழுத்திவிட்டு இட்லி சாப்பிடப் போனேன்.

அப்டேட்டே வேண்டாம் என்று சொல்லும் ஆளில்லை நான். ஜிபிஎஸ் அனுப்பும் தகவலில் வாரத்தை எண்ண முதலில் பத்து பிட்தான் ஒதுக்கினார்கள். அதாவது 0 முதல் 1023 வரை. 1024 வாரம் முடிந்தால் எண்ணிக்கை மறுபடி பூஜ்யத்துக்கு வந்துவிடும். 1999 ஆகஸ்டில் ஒருமுறையும் 2019 ஏப்ரலில் இன்னொரு முறையும் அப்படி வந்தது. அப்டேட் செய்யாத சில பழைய கருவிகள் தேதியைத் தவறாக எடுத்துக்கொண்டன. ஆக, அப்டேட் வேண்டியதுதான். அது எதை மாற்றியது என்று பார்க்க வேண்டியது நான்.

அது மாற்றியது இதைத்தான். வழியைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் நான் வைத்திருந்த "வேகமான வழி" போய், "வளைவான வழி" வந்திருந்தது. டூரிங் பைக் வாங்குகிறவனுக்கு வளைந்து நெளியும் ரோடு பிடிக்கும் என்று யாரோ முடிவு செய்திருக்கிறார்கள். தப்பில்லை. ஆனால் பின்னால் மனைவி, சாயங்காலம் ஐந்தரை மணி, போகிற இடம் புலிகள் காப்பகம் என்பதெல்லாம் அவர்களுக்கு எப்படித் தெரியும்?

தாளவாடி தாண்டி தலமலைப் பக்கம் போகும்போது போனில் டவர் போனது. திரையில் வரைபடம் அழிந்து சாம்பல் நிறம் மட்டும் மிஞ்சியது. அதன் நடுவே ஒரு நீலக்கோடு, கோட்டின்மேல் என் வண்டி. சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களில் குறைந்தது நாலைப் பிடித்துவிட்டால் போதும், கருவி தன் இடத்தைக் கண்டுபிடித்துவிடும். அதற்கு செல்போன் டவர் வேண்டாம். டவர் வேண்டியது படத்துக்குத்தான். நான் எங்கே நிற்கிறேன் என்று அதற்குத் துல்லியமாகத் தெரியும். அந்த இடம் எப்படிப்பட்ட இடம் என்பதுதான் தெரியாது.

"ஏங்க, இது நம்ம வழி மாதிரியே இல்லையே" என்றாள் மனைவி. "மேப்புல காட்டுது" என்றேன்.

அடுத்த வளைவில் யானை நின்றது. ரோட்டின் ஓரத்தில்கூட இல்லை, நடுவில். பக்கத்தில் குட்டி ஒன்று. அறுபது எழுபது அடி இருக்கும். பிரேக் பிடித்து இன்ஜினை அணைத்தேன். லைட்டும் அணைந்தது. திரை மட்டும் பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது. அதைக் கையால் மூடினேன். மனைவியின் விரல்கள் என் விலாவில் புதைந்திருந்தன. ஹெல்மெட்டுக்குள் அந்தக் குரல் நிதானமாகச் சொன்னது: "நேராகச் செல்லவும்."

எவ்வளவு நேரம் நின்றோம் என்று தெரியாது. மனைவி அரைமணி என்கிறாள், எனக்குப் பத்து நிமிஷம் மாதிரி இருந்தது. யானை காதை ஆட்டியது, மண்ணை வாரி முதுகில் போட்டுக்கொண்டது, பிறகு குட்டியை முன்னால் விட்டுக் காட்டுக்குள் இறங்கியது. நாங்கள் இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. கொஞ்ச தூரத்தில் வனத்துறை செக்போஸ்ட்.

"ஏனுங்க, இந்நேரத்துக்கு இந்த வழியில எப்படி வந்தீங்க? அம்மிணிய வேற கூட்டிக்கிட்டு?" என்றார் காவலர். போனைக் காட்டினேன். சிரிக்காமல் தலையை ஆட்டினார். "இதக் காட்டித்தானுங்க எல்லாரும் வர்றாங்க. திரும்பிப் போய் மெயின் ரோட்டப் பிடிங்க. ஒம்பது மணிக்குள்ள மலை இறங்கிரோணும்." பண்ணாரிக்கும் காரப்பள்ளத்துக்கும் நடுவே 2022-லிருந்து இரவுப் போக்குவரத்துத் தடை இருக்கிறது. வண்டியில் அடிபட்டுச் சாகும் விலங்குகளுக்காக நீதிமன்றம் போட்ட தடை. அதுவும் எனக்குத் தெரிந்ததுதான்.

பின்னால் வந்த ஒரு ஜீப்போடு ஒட்டிக்கொண்டு திரும்பி, திம்பத்தில் இறங்கி, பண்ணாரி செக்போஸ்டைத் தாண்டும்போது மணி எட்டு ஐம்பது. மனைவி அம்மனுக்குக் கும்பிடு போட்டாள். என்னிடம் ஈரோடு வரும்வரை பேசவில்லை.

மறுநாள் அப்பாவிடம் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"திரும்புனதுக்கு அப்புறம் கல்லு மேல மஞ்சள் இருந்துச்சா கண்ணு?"

எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியும் முன்பே அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்தது அது. மைல்கல்லின் தலை மஞ்சளாக இருந்தால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை. "பேரு வாசிக்கத் தெரியலைன்னாலும் கலரைப் பாரு. மஞ்சள் மாறுச்சுன்னா வண்டியை நிறுத்து, யாரையாச்சும் கேளு" என்பார். கன்னடம் வாசிக்கத் தெரியாமலே அவர் பதினெட்டு வருஷம் அந்த ரோட்டில் ஓட்டியது அப்படித்தான்.

"பாக்கலப்பா" என்றேன்.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. டீயை ஆற்றிக் குடித்தார்.

பொய் சொல்ல விரும்பவில்லை. கல் கண்ணில் படவில்லை என்பதில்லை, நான் பார்க்கவே இல்லை. திரை வந்தபிறகு ரோட்டைப் பார்ப்பது பள்ளம் மேடுக்காக மட்டும்தான். எனக்குத் தெரிந்த ஒன்றும் திரை சொல்கிற ஒன்றும் மோதினால், அதற்கு ஏதோ காரணம் இருக்கும், மரம் விழுந்திருக்கும், டிராஃபிக் இருக்கும் என்று நானே அதற்காக வாதாடிக்கொள்கிறேன். மனைவி கேட்டபோதும் அதைத்தான் செய்தேன். அவள் சொன்னது சரி என்று எனக்கு அப்போதே தெரியும்.

இப்போது அப்டேட் போடும் முன் செட்டிங்ஸ் பக்கங்களை ஃபோட்டோ எடுத்து வைத்துக்கொள்கிறேன். போகிற ஊருக்கெல்லாம் வரைபடத்தை முன்கூட்டியே டவுன்லோடு செய்கிறேன். பயணத்தன்று காலையில் எதையும் அப்டேட் செய்வதில்லை. இதெல்லாம் யார் வேண்டுமானாலும் செய்யலாம்.

போன மாசம் மறுபடி மைசூர் போனோம். ஆசனூர் தாண்டியதும் பின்னாலிருந்து முதுகில் தட்டினாள்.

"மஞ்சள்தாங்க. போங்க."