ரெண்டாங்: கிளம்பிப் போறவங்களுக்கான கறி

டிஸ்கி: அஞ்சு நிமிஷ சமையல் தேடி வந்தவங்க இப்படியே எஸ்கேப் ஆயிடுங்க. இது அஞ்சு மணி நேர சமாச்சாரம் :-)

ரெண்டாங், இந்தோனேஷியாவுல மேற்குச் சுமத்ராவைச் சேர்ந்த மினங்கபாவு மக்களோட கறி. 2011ல சிஎன்என் வாசகர் ஓட்டெடுப்புல உலகத்துலயே ருசியான சாப்பாடுன்னு முதலிடம் பிடிச்சது இதுதான். 2018ல பிரிட்டன் மாஸ்டர்செஃப் நிகழ்ச்சியில ஒரு போட்டியாளர் செஞ்ச கோழி ரெண்டாங்கைப் பார்த்து, தோல் மொறுமொறுப்பா இல்லைன்னு நடுவர் குறை சொல்லிட்டார். இந்தோனேஷியா, மலேசியா, சிங்கப்பூர்னு மொத்த ஏரியாவும் கொதிச்சுது. ரெண்டாங் யாரோடதுன்னு எப்பவும் மல்லுக்கட்டறவங்க அன்னைக்கு மட்டும் ஒரே கட்சி!

ஆனா என்னை இழுத்தது அந்தச் சண்டை இல்லை. ரெண்டாங் ஏன் அவ்வளவு நேரம் வேகுதுங்கற கேள்விதான்.

மினங்கபாவு மக்கள் முஸ்லிம்கள். ஆனா பரம்பரை வீடும் நிலமும் தாய்வழியில பொண்ணுங்களுக்குத்தான் போகும். அந்தக் காலத்துல பையன் கொஞ்சம் வளர்ந்ததும் ராத்தூக்கம் ஊர்த் தொழுகைக்கூடத்துல. அதுக்கப்புறம் சம்பாதிக்கவோ படிக்கவோ ஊரை விட்டுக் கிளம்பிடணும். இதுக்கு அவங்க பாஷையில தனிப் பேரே இருக்கு, 'மெரந்தாவ்'. அப்படிப் போறவன் கையில கொடுத்தனுப்ப சீக்கிரம் கெட்டுப்போகாத சாப்பாடு வேணும். ரெண்டாங் அதுக்குக் கச்சிதம். 2018ல லொம்பொக், பாலு நிலநடுக்கங்களப்போ மேற்குச் சுமத்ராவுல இருந்து நிவாரணமா ரெண்டாங்கே போச்சு.

இதைப் படிச்சப்போ எனக்குச் சுருக்குன்னுச்சு. எங்க காயல்பட்டினத்துலயும் வீடு பொண்ணுக்குத்தான். கல்யாணமானா மாப்பிள்ளை பொண்ணு வீட்டுக்கு வருவார். ஆம்பளைங்க பொழைப்புக்கு வெளியூர் போறது தலைமுறை தலைமுறையா நடக்கிறது. எங்க வீட்டுல நானும் காக்காவும்தான். இந்த வீடு எனக்குன்னு நான் பொறந்தப்பவே முடிவாயிடுச்சு. காக்காவுக்குக் கொல்கத்தாவுல வேலை, ரயில்ல ரெண்டு நாள். அங்க அவங்க அறையில அடுப்பும் இல்லை, ஃபிரிட்ஜும் இல்லை. இதை ஒரு நாளும் அவங்க குறையாச் சொன்னதில்லை. அதுதான் எனக்கு உறுத்தல்.

அதனால இந்தப் பொங்கல் லீவு முடிஞ்சு காக்கா கிளம்பறதுக்கு முந்தின நாள், அடுப்படி என் கைக்கு வந்துச்சு.

எருமைக்கறி 1 கிலோ, தொடைப் பக்கம், பெரிய துண்டு. சின்னதா வெட்டினா கடைசியில நாராயிடும். எருமை எதுக்குன்னா, அங்கயும் எருமைக்கறி ரெண்டாங் உண்டு. மினங்கபாவுங்கற பேருக்கே 'ஜெயிச்ச எருமை'ன்னு ஒரு கதை சொல்வாங்க. அவங்க வீட்டுக் கூரையும் எருமைக் கொம்பு மாதிரி வளைஞ்சு நிக்கும்.

தேங்காய் 3. பால் ரெண்டு லிட்டர் கிட்ட வந்துச்சு. சின்ன வெங்காயம், பூண்டு, இஞ்சி, ஊறவெச்ச காய்ந்த மிளகாய் எல்லாம் அரைச்சது. அவங்க 'லெங்குவாஸ்'னு சொல்றது நம்ம பேரரத்தைதான். நாட்டு மருந்துக் கடையில காய்ஞ்சது கிடைச்சுது, ராத்திரியே ஊறப் போட்டேன். எலுமிச்சைப்புல் 3 தண்டு. மஞ்சள் இலைக்குப் பொங்கல் சீசன்ல பஞ்சமே இல்லை. அவங்க போடற எலுமிச்சை இலைக்குப் பதிலா நாரத்தை இலை, அவங்க புளிக்குப் பதிலா அதோட சொந்தக்காரனான குடம்புளி ஒரு துண்டு. சர்க்கரை, தக்காளி, தாளிக்க எண்ணெய் எதுவும் கிடையாது.

"எண்ணெய் ஊத்தாம கறியா?"ன்னு உம்மா கேட்டாங்க. பதில் தேங்காய்ப்பால்ல இருக்கு. எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டுக் கொதிக்க விடணும். ஒன்றரை மணி நேரத்துல நமக்குத் தெரிஞ்ச குழம்பு மாதிரி ஆகும். அதுக்குப் பேரு 'குலாய்'. மூணு மணி நேரத்துல கெட்டியாகி எண்ணெய் பிரிஞ்சா 'கலியோ'. நிறைய பேர் இங்கயே நிறுத்தி ரெண்டாங்னு பேர் வெச்சிடறாங்க. நிறுத்தக்கூடாது. தண்ணி இருக்கற வரைக்கும் சட்டி 100 டிகிரியைப் பெருசாத் தாண்டாது. தண்ணி போனதும் சூடு ஏறி, தேங்காய்ல இருந்து வந்த எண்ணெயிலேயே கறி வறுபட ஆரம்பிக்கும். வேக வெச்சு அப்புறம் வறுக்கறது. நம்ம வழக்கத்துக்கு அப்படியே தலைகீழ். கடைசி ஒன்றரை மணி நேரம் கரண்டியை விட்டு நகரவே முடியாது, அடிப்பிடிச்சிடும்.

பி.காம். மக்களே, ப்ராசஸ் காஸ்டிங்ல நார்மல் லாஸ் படிச்சோமே, ஞாபகம் இருக்கா? சட்டிக்குள்ள போனது சுமார் மூணரை கிலோ. வெளிய வந்தது ஒண்ணேகால் கிலோ. நம்ம கணக்குல லாஸ் எவ்வளவு குறையுதோ அவ்வளவு நல்லது. இங்க அந்த லாஸுக்காகத்தான் கேஸ் செலவே! கிருமி வளரத் தண்ணி வேணும். தண்ணியைத் துரத்தினாத்தான் கறி ஊர் போய்ச் சேரும்.

மூணாவது மணி நேரத்துல உம்மா ஒரு கிண்ணம் குட்டி உருளைக்கிழங்கோட வந்தாங்க. "வெறும் கறியாவா திங்கிறது? இதையும் போடு." உம்மா சொன்னதுல தப்பில்லை, மேற்குச் சுமத்ராவுலயும் குட்டி உருளையைத் தோலோட போடறது உண்டு. மசாலாவை நல்லா உறிஞ்சிக்கும். ஆனா உருளைக்குள்ள தண்ணி இருக்கு, வெறும் கறி அளவுக்குத் தாங்காது. அதனால கலியோ பதத்துல சட்டியை ரெண்டாப் பிரிச்சேன். உருளை போட்டது வீட்டுக்கு, அன்னைக்கே காலி பண்ண. போடாதது இன்னும் வறுபட்டு, கருப்புக்குப் பக்கத்துல போய், முழுசா ஆறினப்புறம் காக்காவுக்கு.

உருளை உள்ள பங்கு நிஜமாவே ருசியா இருந்துச்சு. மெத்துனு, காரமா, சுடச்சுடச் சோத்தோட. வீட்டுல இருக்கறவங்களுக்குத்தான் அந்த மெத்துனு கிடைக்கும்னு அப்பத்தான் உறைச்சுது. அதனால காக்கா தட்டுல நாலு உருளை அதிகமா வெச்சேன். அவங்க ஒண்ணும் சொல்லலை. நாலையும் சாப்பிட்டாங்க.

கொல்கத்தாவுல ஜனவரி குளிர், அதுவும் உதவுச்சு. தண்ணி படாத ஸ்பூன்னு நான் நூறு தடவை சொல்லி அனுப்பின டப்பா ஆறு நாள் வந்துச்சாம். ரூம்மேட்ஸ் இல்லைன்னா இன்னும் வந்திருக்குமாம்.

வீட்டுப் பங்கு விஷயத்தை என்னால மாத்த முடியுமான்னு தெரியலை. இப்போதைக்கு அடுத்த லீவுக்கு ரெண்டு கிலோ கறி.