ஒரே மனு, ரெண்டு காப்பி

எங்க ஊர் ஏரிக்கு வர்ற வரத்துக்கால்வாய் மூடிக் கெடக்குது. பாதி தூரம் உண்ணிச்செடி மண்டிப்போச்சு, மீதிய லேஅவுட் போட்டவங்க மண்ணக் கொட்டி நெரவிட்டாங்க. ஏரி நெறயாததால, முன்ன 400 அடியில தண்ணி குடுத்த கெணத்து மேட்டுல இப்ப 1,100 அடி போர் போட்டும் புகைதான் வந்துச்சு. தக்காளி நாத்து வாங்கிட்டு வந்து வச்சிருந்தேன். அப்படியே காஞ்சது.

பஞ்சாயத்து தலைவர்கிட்ட போகலாம்னா தலைவரே இல்ல. 2019 டிசம்பர்ல தேர்ந்தெடுத்தவங்க பதவிக்காலம் 2025 ஜனவரியோட முடிஞ்சு, தனி அலுவலர் வந்துட்டார். சரி, திங்கக்கெழமை கிருஷ்ணகிரி கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துல மனு குடுப்போம்னு எழுதினேன். பக்கத்து வீடுங்கறதால அதிமுக கிளைச் செயலாளர்கிட்ட மொதல்ல கையெழுத்து வாங்கினேன். அப்புறம் திமுக கிளைச் செயலாளர். முழுசாப் படிச்சார். மடிச்சு என் கையிலயே குடுத்தார்.

"நல்ல விஷயம்தாங்க. ஆனா அவரு பேருக்குக் கீழ நான் எப்படிங்க போடறது?"

இன்னொரு காப்பி எடுத்துட்டுப் போனேன். அதுல போட்டார். ஆக ஒரே ஏரிக்கு ரெண்டு மனு.

சிட்டியில இருந்து படிக்கறவங்களுக்கு இது காமெடியா இருக்கும். எங்களுக்கும் முன்னாடி இப்படி இல்லைங்க. எங்கப்பா எம்ஜிஆர் கட்சி, 1972-ல கட்சி தொடங்கினதுல இருந்தே. அம்மாவோட அண்ணன், எங்க மாமா, திமுக. ரெண்டு பேரும் ஒரே டிவிஎஸ் 50-ல கொத்தமல்லிக் கட்டோட ஓசூர் உழவர் சந்தைக்குப் போவாங்க. அந்தச் சந்தைத் திட்டம் 1999-ல கலைஞர் கொண்டு வந்தது. "எங்க தலைவர் போட்ட சந்தையில உக்காந்து காசு எண்றீங்களே மாப்ளே" என்பார் மாமா. "சந்தை உங்குளுது, கொத்தமல்லி எங்குளுது மச்சான்" என்பார் அப்பா. தெனமும் இதே வசனம்தான்.

1996-ல பர்கூர்ல ஜெயலலிதா, திமுக சுகவனத்துகிட்ட தோத்தாங்க. முதலமைச்சரே தோத்த தேர்தல், அதுவும் எங்க பக்கத்துத் தொகுதி. அன்னைக்கு ராத்திரி ஊரெல்லாம் சரவெடி. எங்க வீட்டு முன்னாடி மட்டும் மாமா வெடிக்க விடல. "உள்ள ஒருத்தரு சாப்பிடாம படுத்திருக்காரு, அந்தப் பக்கம் போய் வெடிங்கடா"ன்னு வெரட்டினத நான் ஜன்னல் வழியா கேட்டேன்.

மேல இருந்த தலைவருங்க ஒண்ணும் கொஞ்சிக்கல. 1989 மார்ச் 25 சட்டசபையில நடந்தத ரெண்டு கட்சியும் இன்னைக்கும் ரெண்டு விதமாத்தான் சொல்லுது. 2001 ஜூன் 30 விடியக்காலையில கலைஞரைக் கைது பண்ணத டிவியில பாத்து மாமா அழுதார். எதிர்க்கட்சி ஆளு கல்யாணத்துக்கு வந்தா, அங்க நின்னு பேசவே கட்சிக்காரங்க பயந்த காலம் அது. 2016-ல ஜெயலலிதா பதவியேற்புக்கு ஸ்டாலின் போனதே பெரிய செய்தியாச்சு. பின்வரிசையில உக்கார வச்சதுக்கு அந்தம்மா விளக்கம் குடுத்தாங்க. இத்தனைக்கும் எங்க ஓசூருக்குப் பக்கத்துத் தொரப்பள்ளியில பொறந்தவர் ராஜாஜி. வாழ்நாள் முழுக்க அவரோட கொள்கைச் சண்டை போட்ட பெரியார், 1972-ல அவர் செத்தப்ப வந்து கண்ணீர் விட்டார்.

ஒகேனக்கல் குடிநீரையே எடுத்துக்கங்க. 2008-ல அடிக்கல் போட்டது கருணாநிதி, 2013-ல தொறந்தது ஜெயலலிதா. நடுவுல கர்நாடகாவுல எதிர்ப்பு, வேலை நின்னு மறுபடி நடந்துச்சு. ஃப்ளோரைடு தண்ணி குடிச்சுப் பல்லு மஞ்சளான சனங்களுக்கு யார் போட்டா என்ன? இப்ப டீக்கடையில அதச் சொல்லிப் பாருங்க. "நீ எந்தக் கட்சி?"ன்னுதான் மொதக் கேள்வி வரும். ரெண்டு பக்கமும் உக்காந்து டீ குடிச்சவன ரெண்டு பக்கமும் சந்தேகப்படறாங்க. ஊருக்கே ரெண்டு வாட்ஸ்அப் குரூப். கெரகம், எருமை காணாமப்போனாக்கூட ரெண்டுலயும் போடணும்.

நான் மட்டும் ஒழுங்கான்னா, இல்ல. 2021 தேர்தல் சமயம், செத்துப்போன கலைஞரைப் பத்தி ஒரு அசிங்கமான மீம் வந்துச்சு. சிரிச்சேன். எங்க சொந்தக்கார குரூப்புல தட்டிவிட்டேன். மாமா குரூப்ப விட்டு வெளியேறினார்னு ஒரு வரி வந்துச்சு. அப்பா செத்தப்ப சுடுகாடு வரைக்கும் தோள் குடுத்த மனுஷன், அதுக்கப்புறம் எங்க வீட்டு வாசப்படி மிதிக்கல. நானும் போய் ஒரு வார்த்தை கேக்கல. தேர்தல் சூடு, தானா ஆறிடும்னு நெனச்சேன்.

ரெண்டு மனுவையும் கிழிச்சுப் போட்டுட்டு, ஞாயித்துக்கெழமை புதுசா ஒண்ணு எழுதி எடுத்துட்டு மாமா வீட்டுக்குப் போனேன். ஊர்ல இன்னும் ரெண்டு கட்சிக்காரனும் எந்திரிச்சு நிக்கற ஒரே ஆளு அவர்தான். திண்ணையில ராகி பொடச்சுட்டு இருந்தாங்க அத்தை. "வா"ன்னாங்க. அவர் ஒண்ணும் சொல்லல.

"மாமா, அன்னைக்கு நான் அனுப்பினது தப்பு."

மொறத்தையே பாத்துட்டு இருந்தார். கொஞ்ச நேரம் கழிச்சு, "உங்கப்பன் இருந்திருந்தா உன்னைச் செருப்பால அடிச்சிருப்பான்"ன்னார். மனுவ வாங்கி, கண்ணாடி போடாமயே மொத வரியில கையெழுத்துப் போட்டார்.

"படிக்கலையே மாமா?"

"ஏரிக்குத்தானே? அடுத்து அவன்கிட்ட போ. நான் போட்டுட்டேன்னு சொல்லு. அவன் பேரை என் பேருக்குப் பக்கத்துலயே எழுதச் சொல்லு, கீழ வேணாம்."

அப்புறம், தக்காளி என்ன வெல போவுதுன்னு கேட்டார்.