காய்க்காரம்மாவின் கணக்கு

மேற்குத் தாம்பரத்தில் எங்கள் வீட்டுக்குக் காய் கொண்டு வருகிற அம்மாவிடம், "தினம் வட்டிக்கு வாங்கறியே, அஞ்சோ பத்தோ மிச்சம் பிடிக்கக் கூடாதாம்மா?" என்று பல தடவை உபதேசம் செய்திருக்கிறேன். சிரித்துவிட்டுக் கூடையைத் தூக்கிக் கொள்வாள்.

அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டஃப்லோவும் 2011-ல் எழுதிய 'பூர் எகனாமிக்ஸ்' படித்ததும் உபதேசத்தை நிறுத்தி விட்டேன். 2019-ல் நோபல் பரிசு பெற்றவர்கள்தான். ஆனால் பயப்படாதீர்கள், எளிமையான இங்கிலீஷ். நம் சென்னைப் பழக்காரிகளே அதில் வருகிறார்கள். காலையில் 1,000 ரூபாய் கடன். சாயங்காலம் வட்டி மட்டும் சுமார் 47 ரூபாய்! மூன்று நாள் டீயைக் குறைத்து, அந்தக் காசையும் அதனால் மிஞ்சுகிற வட்டியையும் முதலில் சேர்த்துக்கொண்டே வந்தால் 90 நாளில் கடனே இருக்காதாம். பின் ஏன் செய்வதில்லை? புத்தி இல்லாமலா? கையில் தங்குகிற காசைச் செலவு வந்து இழுக்கிறது. கரையேறும் நாளோ கண்ணுக்கே தெரிவதில்லை. மாதச் சம்பளக்காரருக்குப் பிராவிடண்ட் ஃபண்டு தானாகப் பிடித்துக்கொள்கிறார்கள், அவளுக்கு யார் பிடிப்பது?

எனக்குச் சுருக்கென்றது. அஞ்சறைப் பெட்டியில் நான் போட்ட பணம் ஒரு மாதம் தங்கினதில்லை. சீட்டுக் கட்டித்தான் பெண்ணுக்குத் தோடு வாங்கினேன்.

இளம் தாய்மார்கள் உதய்ப்பூர்ப் பகுதியைப் படியுங்கள். தடுப்பூசிக்கு வரும்போதெல்லாம் 1 கிலோ பருப்பு கொடுத்த கிராமங்களில் நூற்றுக்கு 38 குழந்தைகளுக்கு எல்லா ஊசியும் முடிந்தது. முகாமும் பருப்பும் இல்லாத கிராமங்களில் 6 பேருக்குத்தான். பருப்புக்காகவா என்று கேட்காதீர்கள். 'அடுத்த வாரம் போட்டுக்கலாம்' என்று தள்ளிப் போட்டவள்தான் நானும்.

எங்கள் தெருச் சீட்டில் ஒரு பேர் காலியாகிறது. சேர்கிறாயா என்று காய்க்காரம்மாவைக் கேட்டிருக்கிறேன். யோசித்துச் சொல்கிறாளாம்.