பேசாதவனுக்கு எழுதிய விடை

மென்பொருள் எழுதுகிறவர்களிடம் 'ஃபீச்சர் ஃப்ளாக்' என்றொரு பிரயோகம் இருக்கிறது. ஃப்ளாக் என்றால் கொடி. காரியத்தைப் பார்த்தால் ஸ்விட்ச் என்பதே பொருந்தும். புதிதாகச் செய்த வசதி ஒன்றை, ஓடிக்கொண்டிருக்கிற ப்ரோக்ராமுக்குள்ளேயே சேர்த்துவிட்டு, ஒரு நிபந்தனைக்குப் பின்னால் அடைத்து வைக்கிறார்கள். கொடி இறங்கியிருக்கும்வரை அது இருந்தும் இல்லை. பிறகு நூற்றுக்கு ஒருவருக்கு, அப்புறம் பத்துப் பேருக்கு என்று திறக்கிறார்கள். கோளாறு தெரிந்தால் எழுதியதை அழிக்க வேண்டாம். கொடியை இறக்கினால் போதும். கொண்டுபோய் வைப்பதையும் வெளியிடுவதையும் இரண்டு தனித்தனிச் செயல்களாகப் பிரித்ததுதான் இதன் சாமர்த்தியம்.

வங்கிக் குமாஸ்தாவான எனக்கு இதன் நெருங்கிய உறவு ஒன்று கௌண்டர் வழியாக அறிமுகமாயிற்று. 2020 ஜனவரியில் ரிசர்வ் வங்கி ஓர் உத்தரவு போட்டது. புதிதாகத் தரும் டெபிட், கிரெடிட் கார்டுகள் உள்நாட்டு ஏ.டி.எம்.மிலும் கடை மெஷினிலும் மட்டுமே வேலை செய்ய வேண்டும். இணைய வழிச் செலவு, வெளிநாட்டுச் செலவு, மெஷினைத் தொடாமல் செலுத்துவது எல்லாம் அணைந்தே இருக்க வேண்டும். தேவையானால் வாடிக்கையாளரே திறந்துகொள்ளலாம். பிரான்சுக்குப் போய் வருகிற குடும்பங்கள் நிறைந்த ஊர் இது. கிளம்புமுன் கார்டோடு வருவார்கள். "எல்லாம் இதுக்குள்ளயே இருக்குதுங்கறீங்க. அப்புறம் எனக்கு மட்டும் ஏன் தம்பி இல்லே?" என்றார் ஒரு பெரியவர். பாதுகாப்புக்காக என்றேன். பதில் சரிதான். ஆனால் அவர் கேட்டது வேறு: தான் ஒன்றும் சொல்லாதபோது தன் சார்பில் 'வேண்டாம்' என்று சொன்னது யார்?

மென்பொருளில் இதற்கு 'டிஃபால்ட்' என்று பெயர். கேட்காமலே கிடைக்கும் விடை. ஸ்விட்சைப் பற்றிப் பேசுகிற நாம் இதைப் பற்றிப் பேசுவதில்லை. 2012 ஆகஸ்ட் 1 அன்று, அமெரிக்காவின் நைட் கேபிடல் என்ற பங்கு வர்த்தக நிறுவனம், வழக்கொழிந்த ஒரு கொடியைப் புதிய வேலைக்கு எடுத்துக்கொண்டது. எட்டு சர்வர்களில் ஒன்றில் மட்டும் புதிய ப்ரோக்ராம் போய்ச் சேரவில்லை. கொடி ஏறியதும் அங்கே கிடந்த பழைய ப்ரோக்ராம் விழித்துக்கொண்டது. முக்கால் மணி நேரத்தில் 44 கோடி டாலருக்கு மேல் நஷ்டம். அணைத்து வைத்ததும் இல்லாமல் போனதும் ஒன்றல்ல.

எங்கள் ஊரே இப்படி ஒரு கொடிக்குப் பின்னால் இருந்ததுதான். 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் 178 பிரதிநிதிகள் வாக்களித்தார்கள்; 170 பேர் இந்தியாவோடு சேர விரும்பினார்கள். நவம்பர் 1 அன்று நிர்வாகம் கைமாறியது. மூவர்ணக் கொடி ஏறியது. ஆனால் ஒப்பந்தம் 1956 மே மாதத்தில்தான் கையெழுத்தாயிற்று. அது சட்டப்படி அமலுக்கு வந்தது 1962 ஆகஸ்ட் 16இல். ஏறக்குறைய எட்டு ஆண்டுகள் ஆட்சி இங்கே இருந்தது, உரிமை அங்கே இருந்தது. வைத்த தேதி ஒன்று, வெளியிட்ட தேதி ஒன்று.

அந்த ஒப்பந்தத்துக்குள்ளும் ஒரு டிஃபால்ட் உண்டு. இங்கே பிறந்து இங்கேயே குடியிருந்த பிரெஞ்சுக் குடிமக்கள் அந்தக் குடியுரிமையைத் தக்கவைத்துக்கொள்ள ஆறு மாதத்துக்குள் எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும். எழுதாதவர் இந்தியர். ஒரே தெருவில் ஒரு வீடு பாரீஸ் பென்ஷனுக்கும் அடுத்த வீடு ரேஷன் கார்டுக்கும் பிரிந்து போனதில் இந்த ஆறு மாதத்துக்கும் பங்குண்டு. இரண்டில் எது நல்லது என்பது என் விவாதம் அல்ல. எழுதியவன் ஒரு முடிவு எடுத்தான் என்பது தெளிவு. எழுதாதவனும் முடிவு எடுத்தான் என்று கொள்வது சட்டத்தின் சௌகரியம். அவர்களில் நாட்டுப்பற்றால் எழுதாதவர் உண்டு. தயங்கித் தயங்கி நாளைக் கடத்தியவர் இருந்திருப்பார், எழுதத் தெரியாதவர் இருந்திருப்பார். பதிவேட்டில் எல்லாருக்கும் ஒரே விடைதான்.

ஒரு பிரதியை விமர்சிக்கிறவன் அதில் சொன்னதை மட்டும் படித்துவிட்டு எழுந்துவிட முடியாது. பேசாதவன் வாயில் அது எந்தச் சொல்லை வைத்திருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். ஒப்பந்தமானாலும் ப்ரோக்ராமானாலும் இதில் வித்தியாசம் இல்லை.