நிமிர்ந்த பின்

எங்கள் வீட்டில் இருவர். ஒருவருடைய முதுகில் ஓர் எஃகுக் கம்பி இருக்கிறது. மற்றவர் கல்லூரியில் தமிழ் கற்பிக்கிறார். வலி அவருடையது, எழுத்து இவருடையது என்றாலும், வலியோடு குடித்தனம் நடத்துவது இருவருமே ஆதலால் இக்கட்டுரையில் ‘நாங்கள்’ என்றே சொல்லிக்கொள்கிறோம். முதுகுத்தண்டு அறுவை செய்துகொண்டு பல ஆண்டுகள் கடந்தபின் வலியைச் சந்திப்பவர்கள் யாரேனும் படித்தால் பயன்படக்கூடும் என்ற எண்ணமே எழுதத் தூண்டியது.

முதுகுத்தண்டு பக்கவாட்டில் வளைந்து, கூடவே முறுக்கியும் கொள்வதை மருத்துவர்கள் ஸ்கோலியோசிஸ் என்பர். வளைவு 10 பாகையைத் தொட்டால் அப்பெயர் பெறும். பதின்பருவத்தினரில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்கு இது காணப்படுகிறது. பெரும்பாலோருக்குக் கண்காணிப்பே போதும். 45, 50 பாகையைக் கடக்கும்போதுதான் அறுவை பற்றிப் பேச்செழும். புத்தகப்பை சுமந்ததாலோ, கோணலாக உட்கார்ந்ததாலோ வருவதன்று. துணைவியாருக்கு அப்போது வயது 14. பாவாடை விளிம்பு ஒரு பக்கம் ஏறி நிற்பதை முதலில் கண்டு சொன்னவர் தையற்காரர். 1995ஆம் ஆண்டு சென்னையில் அறுவை நடந்தது.

அன்று பொருத்தப்பட்டது ஹாரிங்டன் கம்பி. அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரத்து மருத்துவர் பால் ஹாரிங்டன், இளம்பிள்ளை வாதத்தால் முதுகு வளைந்த குழந்தைகளுக்காக 1950களில் உருவாக்கி, 1962இல் உலகுக்கு அறிவித்த முறை அது. வளைவின் மேலும் கீழும் கொக்கி மாட்டி, இடையே கம்பியை வைத்து நீட்டுவார்கள். பிறகு எலும்புத் துணுக்குகளை இட்டு முள்ளெலும்புகளை ஒன்றாக ஒட்டவைப்பார்கள். கட்டடத்துக்குச் சாரம் போலத்தான் கம்பி. ஒட்டு முற்றிய பின் பாரம் தாங்குவது எலும்பே. 1980களில் வந்த பிரெஞ்சு முறையும், அதன்பின் பரவிய திருகாணி முறையும் இன்று இதன் இடத்தைப் பிடித்துவிட்டன.

இருபது ஆண்டுகள் அந்தக் கம்பி எங்களைத் தொந்தரவு செய்யவில்லை. 2016 வாக்கில் இடுப்புக்கு மேலே ஒரு வலி தொடங்கியது. அஞ்சலகத்தில் முகப்பு மேசைக்குப் பின்னால் ஆறேழு மணிநேரம் உட்கார்ந்து எழுபவர் மாலையில் வீடு வந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கலானார். படம் எடுத்துப் பார்த்த ஒரு மருத்துவர், “கம்பி அப்படியே இருக்கிறது, எலும்பு நன்றாக ஒட்டியிருக்கிறது, வலிக்கக் காரணமே இல்லை” என்றார். வலி இருக்கிறது, காரணம் மட்டும் இல்லை! வீடு வரும்வரை இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

காரணம் இருந்தது. பிறகு பார்த்த வேறொருவர் பொறுமையாக விளக்கினார். ஒட்டிய பகுதி அசையாது; அது செய்ய வேண்டிய அசைவையும் சுமையையும் அதற்குக் கீழே எஞ்சியிருக்கும் ஓரிரு மூட்டுகள் ஏற்கின்றன. அங்குள்ள வட்டுகள் விரைவில் தேய்கின்றன. மேலும், நிமிர்த்தி நீட்டும் அந்தப் பழைய முறை, இடுப்பில் இயற்கையாக உள்ள உட்குழிவையும் சேர்த்துத் தட்டையாக்கிவிடுவதுண்டு. அதனால் உடல் சற்றே முன்சாயும். அதை இழுத்துப் பிடித்து நிறுத்தத் தசைகள் நாள் முழுதும் உழைக்கும். ‘தட்டை முதுகு’ என்றே இதற்குப் பெயர்.

தமிழ் படித்தவருக்கு இங்கே ஒரு சிந்தனை ஓடாமல் இருக்குமா? பக்கவளைவும் முன்வளைவும் வேறு வேறாயினும், பேச்சில் இரண்டையும் கூன் என்றே சொல்லிவிடுகிறோம். நம் இலக்கியத்தில் கூன் விழுந்தவர்கள் பலர். மாதவியின் மாலையை ஏந்தித் தெருவில் நின்று கோவலனை அழைத்து வந்தவள் ஒரு கூனி. கலித்தொகையின் 94ஆம் பாட்டில் கூனியும் குறளனும் ஒருவரையொருவர் எள்ளிப் பேசிக் காதல் கொள்கிறார்கள். கம்பனின் மந்தரையோ, சிறுவன் இராமன் வில்லால் எய்த உருண்டையை முதுகில் வாங்கியவள். பெரியபுராணத்தில் கூன்பாண்டியன் ஞானசம்பந்தரின் அருளால் நிமிர்ந்து நின்றசீர் நெடுமாறன் ஆகிறான். ஆக, வளைந்த முதுகு ஒன்று நகைப்புக்கு ஆளாகிறது, அல்லது பழி சுமக்கிறது, அல்லது அற்புதத்தால் நிமிர்கிறது. நிமிர்ந்ததோடு கதை முடிந்துவிடுகிறது. நெடுமாறனுக்கு நாற்பது வயதில் முதுகு வலித்ததா என்று எவரும் கேட்கவில்லை. படத்தைப் பார்த்து வலிக்கக் காரணமில்லை என்ற மருத்துவரும் அந்த மரபைச் சேர்ந்தவரே. எங்கள் கதையோ நிமிர்ந்த பின் தொடங்குகிறது.

அண்ணாமலையார் ஊரில் வாழ்பவர்களுக்கு நடையே அளவுகோல். கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். ஒரே மூச்சில் சுற்றி முடித்தால் துணைவியார் அடுத்த நான்கு நாள் படுக்கையில். அந்தப் பயத்தில் அடுத்த இரண்டு மாதம் நடையே இல்லை. நடக்காததால் தசை தளரும். தளர்ந்தால் வலி கூடும். இயன்முறை மருத்துவர் ஒருவர் சொன்ன வழி இதை மாற்றியது: வலிக்கும்வரை நடந்து நிறுத்தாதீர்கள், முன்கூட்டியே தூரத்தைக் குறித்துக்கொண்டு, நன்றாக இருக்கும் நாளிலும் அதைத் தாண்டாதீர்கள், மோசமான நாளிலும் முற்றாக விட்டுவிடாதீர்கள். நாள்பட்ட முதுகுவலிக்குப் படுக்கையைவிட இயக்கமே நல்லது என்று 2018இல் லான்செட் இதழ் வெளியிட்ட கட்டுரை வரிசையும் வலியுறுத்தியது.

எனவே கிரிவலத்தை மூன்றாகப் பகுத்தோம். ஒரு விடியலில் இராஜகோபுரத்திலிருந்து நிருதி லிங்கம் வரை. இன்னொரு நாள் அங்கிருந்து வாயு லிங்கம். மூன்றாம் நாள் குபேர, ஈசான்ய லிங்கங்களைக் கண்டு திரும்புதல். நடுவே ஆட்டோ. வெறுங்காலோடு நடப்பதே இங்கு மரபு. நாங்கள் மெத்தென்ற காலணி அணிகிறோம். பௌர்ணமிக் கூட்டத்தில் ஓர் இடிபாடு போதும் என்பதால் அந்நாளைத் தவிர்க்கிறோம். இப்படித் துண்டாடினால் பலன் உண்டா என்று உறவில் சிலர் முணுமுணுத்தபோது பதில் சொன்னவர் எங்கள் அத்தைதான்: “சாமி மலையாவே உக்காந்திருக்கு. எங்கியும் எழுந்து போயிடாது. நீ மெதுவா வாம்மா.”

பாதையில் குபேர லிங்கத்துக்கு அருகே இடுக்குப் பிள்ளையார் இருக்கிறார். பின்பக்கம் நுழைந்து, ஒருக்களித்து ஊர்ந்து, குறுகிய வாசல் வழியே வெளிவந்தால் உடல்வலி, முதுகுவலி தீரும் என்பது நம்பிக்கை. எங்களைப் பார்ப்போர் அனைவரும் அங்கே போகச் சொல்கிறார்கள். வளைந்து நெளிய வேண்டிய இடத்தில் வளையாத முதுகு என்ன செய்யும்? வெளியே நின்று கும்பிடுகிறோம். ஆயினும் ஊர்ந்து வருபவர்களை நாங்கள் நகைப்பதில்லை. வலி என்பது புண்ணின் அளவு மட்டுமன்று; தண்டுவடத்திலேயே ஒரு கதவு போன்ற அமைப்பு வலிச் செய்தியைக் கூட்டவும் குறைக்கவும் செய்கிறது, மூளையும் அதை ஆள்கிறது என்று மெல்சாக்கும் வாலும் 1965இல் எழுதினார்கள். விவரங்கள் பின்னர் மாறினாலும் அடிப்படை நிலைத்தது. அச்சம் வலியைப் பெருக்கும். அந்த இடுக்கிலிருந்து சிரித்துக்கொண்டே வெளிவருபவர் முகத்தில் அச்சம் இல்லை.

சென்ற ஆண்டு, ஒட்டைக் கீழே இடுப்பெலும்பு வரை நீட்டும் இரண்டாம் அறுவை பற்றிப் பேச்சு வந்தது. பல இரவுகள் பேசினோம். வலி குறைய வாய்ப்புண்டு. ஆனால் எஞ்சியிருக்கும் அந்தச் சிறு வளைவும் போய்விடும். இப்போது குனிந்து கோலமிட முடிகிறது, அப்போது முடியாது. அவர் கோலத்தைத் தேர்ந்தார், நாங்கள் காத்திருக்கிறோம். கால் மரத்தாலோ தளர்ந்தாலோ, சிறுநீர் கட்டுப்பாடு தவறினாலோ ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது என்பது இருவருக்கும் மனப்பாடம்.

வலி போய்விடவில்லை. அஞ்சலகத்தில் அரைமணிக்கு ஒருமுறை அவர் எழுந்து நிற்க, வரிசையில் நிற்போரும் பழகிவிட்டனர். வரும் வாரம் இரண்டாம் பகுதி நடை. நிருதியிலிருந்து தொடங்க வேண்டும்.