61 என்ற இலக்கம்

கண்காட்சிக்கு இரண்டு நாட்கள்தான் இருந்தன. எங்கள் கல்லூரி நூலகத்தில் எந்தப் புத்தகம் யாரிடம் இருக்கிறது, எப்போது திருப்பித் தரவேண்டும் என்று காட்டும் சிறிய ஆண்ட்ராய்ட் செயலி ஒன்றை நானும் என் தோழியும் செய்துகொண்டிருந்தோம். ராத்தா பல்கலைக்கழகத்தில் 2020ஆம் ஆண்டின் இறுதியில் செய்த ஒப்படை ஒன்றை எடுத்து, அதன் மேல்தான் எங்களுடையதைக் கட்டியிருந்தோம்.

அன்றிரவு தோழி அனுப்பிய கோப்புகளைச் சேர்த்துவிட்டுக் கட்டளையைக் கொடுத்தேன். (ஆண்ட்ராய்ட் ஸ்டூடியோவைத் திறந்தால் என் பழைய மடிக்கணினிக்கு மூச்சு வாங்கும். ஆகவே கறுப்புத் திரையில் கட்டளை எழுதித்தான் வேலை செய்வேன்.) 'பில்ட் ஃபெயில்ட்' என்று வந்தது. கூடவே, 'அன்சப்போர்ட்டட் கிளாஸ் ஃபைல் மேஜர் வேர்ஷன் 61'. நாங்கள் எழுதியதில் எங்குமே 61 இல்லை.

தோழிக்கு உடனே குரல்பதிவு ஒன்று அனுப்பினேன். "நீ எதையோ பழுதாக்கிட்டாய். போன கிழமை ஒழுங்கா ஓடினது."

"எனக்கிட்ட ஓடுது" என்று மட்டும் பதில் வந்தது. நான் நம்பவில்லை. அவளுடைய கோப்புகளை ஒவ்வொன்றாக நீக்கிப் பார்த்தேன். எல்லாவற்றையும் நீக்கிய பிறகும் அதே 61. அப்போதாவது எனக்கு விளங்கியிருக்க வேண்டும். "இன்னும் படுக்கல்லயா மகள்?" என்று உம்மா இரண்டு முறை வந்து கேட்டுவிட்டுப் போனார்.

சுபஹுக்குப் பிறகு ராத்தாவை அழைத்தேன். இலக்கத்தைக் கேட்டதுமே சிரித்துவிட்டார்.

"அதிலிருந்து 44ஐக் கழி. 61 எண்டா ஜாவா 17. 55 எண்டா 11. 52 எண்டா 8."

ஜாவா உருவாக்கும் ஒவ்வொரு கிளாஸ் கோப்பிலும் அது எந்தப் பதிப்புக்குரியது என்ற இலக்கம் பதிந்திருக்குமாம். செயலியைக் கட்டித் தரும் கருவியின் பெயர் கிரேடில். ராத்தாவின் ஒப்படையில் இருந்தது கிரேடில் 6.7. அதற்கு ஜாவா 15 வரைதான் தெரியும். ஜாவா 17இல் ஓட வேண்டுமானால் குறைந்தது கிரேடில் 7.3 வேண்டும்.

"புதுசா ஜாவா போட்டது யாரு?" என்று கேட்டார் ராத்தா.

நான்தான். முந்தின சனிக்கிழமை, இணையவழிப் பயிற்சி ஒன்றுக்காக ஜாவா 17ஐ நிறுவியிருந்தேன். பாடத்தில் சொன்னபடி 'ஜாவா ஹோம்' என்ற பாதையையும் என் கையாலேயே மாற்றியிருந்தேன். தோழியின் கணினியில் பழைய 11 அப்படியே இருந்தது. அவள் சொன்னது முழு உண்மை.

கிரேடிலை உயர்த்தலாம்தான். ஆனால் அதை உயர்த்தினால் ஆண்ட்ராய்ட் பிளகினையும் உயர்த்த வேண்டிவரும்; பிறகு அது வேறொன்றைக் கேட்கும். கிரேடில் பொதியே நூறு எம்பியைத் தாண்டும், என் டேட்டாவோ முடியும் தறுவாயில் இருந்தது. நல்லவேளை, ஜாவா 11ஐ நான் அழித்திருக்கவில்லை. 'ஜாவா ஹோம்' பாதையை மீண்டும் அதற்கே திருப்பி, புதிய சாளரம் ஒன்றைத் திறந்து கட்டளையைக் கொடுத்தேன். இரண்டு நிமிடத்தில் செயலி தயார்.

தோழியிடம் மன்னிப்புக் கேட்க அதைவிட அதிக நேரம் எடுத்தது. குரல்பதிவைப் போட்டுப் போட்டு அழித்தேன். கடைசியில் கல்லூரி வாசலில் நேரிலேயே சொன்னேன். அவள் ஒன்றும் பேசாமல் என் கொப்பியை வாங்கி முதல் பக்கத்தில், "ஜாவா 11, கிரேடில் 6.7" என்று எழுதினாள். அதன் கீழே இரண்டு கோடு போட்டு, "என்னைக் கேட்காமல் மாற்றக்கூடாது" என்றும் எழுதித் தந்தாள்.