இலை நிறைய சாப்பாடு... சாப்பிடக் கூடாது!

ஞாயித்துக்கிழமை காலைல 5 மணிக்கு எழுந்திருக்கிற பழக்கம் உங்களுக்கு உண்டா? எனக்கும் கிடையாது! செமஸ்டர் எக்ஸாமுக்கே ஏழு மணிக்கு எழுந்திருக்கிற பார்ட்டி நான். ஆனாலும், ஒரே ஒரு தடவை அந்தத் தியாகத்தைச் செஞ்சு பாருங்க. தாம்பரம் பக்கத்துலேர்ந்து மின்சார ரயில் பிடிச்சு மாம்பலத்துல இறங்குங்க. ரங்கநாதன் தெரு காலியா இருக்கிற உலக அதிசயத்தைப் பார்த்துட்டு, வடபழனி பஸ் ஏறுங்க. எதுக்கா? சொல்றேன்.

எங்க காலேஜ் கல்ச்சுரல்ஸுக்கு ஒரு காமெடி நாடகம் எழுதினேன். சினிமா சான்ஸ் தேடுற நாலு பேரோட கதை. அதுல ஹீரோ ஒரு உதவி இயக்குநர். பசி தாங்காம ஷூட்டிங்ல பஜ்ஜி திருடி மாட்டிக்கிறார். ரிகர்சல்ல ஹாஸ்டல் மொத்தமும் விழுந்து விழுந்து சிரிச்சது. எங்க டிபார்ட்மென்ட் சார் மட்டும் கடைசி வரைக்கும் பார்த்துட்டு, “நல்லா இருக்குப்பா. ‘சர்வர் சுந்தரம்’ பார்த்திருக்கியா? பார்த்துட்டு அப்படியே வடபழனிப் பக்கம் ஒரு நடை போயிட்டு வா”ன்னார். அவ்வளவுதான்.

படத்தைப் பார்த்தேன். அப்புறம்தான் தெரிஞ்சது, அது முதல்ல மேடை நாடகமாம்! எழுதினவர் கே.பாலசந்தர். பகல்ல ஏ.ஜி. ஆபீஸ் வேலை, சாயந்திரம் நாடகம்னு இருந்தவர். சுந்தரமா நடிச்ச நாகேஷ், ரயில்வே கிளார்க்கா இருந்தவர். ஒரு நாடகத்துல வயித்து வலிக்காரனா சின்ன வேஷத்துல வந்து, தலைமை தாங்க வந்த எம்.ஜி.ஆரே பாராட்டுற அளவுக்குக் கலக்கினவர். நீங்க இப்போ இறங்கி நிக்கிற தி.நகர்லதான் ‘கிளப் ஹவுஸ்’ ரூம்ல நாகேஷ், கவிஞர் வாலி, நடிகர் ஸ்ரீகாந்த் எல்லாரும் சான்ஸ் தேடிட்டு ஒண்ணாக் குப்பை கொட்டினாங்க. நம்ம ஹாஸ்டல் மாதிரிதான், மெஸ் மட்டும் கிடையாது!

சரி, பஸ் வடபழனி வந்தாச்சு. ஆற்காடு ரோட்டுல அந்த உருண்டை தெரியுதா? ஏவி.எம். ஸ்டூடியோ குளோப்! 1964-ல் ‘சர்வர் சுந்தர’த்தைப் படமாக்கினது இவங்கதான். டைரக்‌ஷன் கிருஷ்ணன்-பஞ்சு. ஹோட்டல் சர்வர் ஒருத்தர் சினிமா ஸ்டார் ஆகிற கதைங்கறதால, சினிமா எடுக்கிற விதத்தையே படத்துல காட்டியிருப்பாங்க. பாட்டுப் பதிவு எப்படி நடக்குதுன்னு காட்ட எம்.எஸ்.விஸ்வநாதனும் டி.எம்.சௌந்தரராஜனுமே திரையில வருவாங்க. 2023-ல இந்த வளாகத்துல பழைய கார், கேமரா எல்லாம் வெச்சு ஒரு மியூசியமும் திறந்தாங்க.

ஆனா, நான் உங்களைக் கூட்டிட்டு வந்தது மியூசியத்துக்கு இல்லை. எதிர்த்தாப்புல இருக்கிற டீக்கடைக்கு!

மணி ஆறேகால். கையில கட்டைப் பையோட பதினைஞ்சு இருபது பேர் நிக்கிறாங்க. ஜூனியர் ஆர்ட்டிஸ்ட்ஸ். ஏஜென்ட் வந்து தலையை எண்ணி வேன்ல ஏத்தணும். கட்டைப் பைக்குள்ள ஒரு பட்டுப் புடவையோ, ஒரு வெள்ளை வேட்டியோ இருக்கும். இன்னிக்கு என்ன வேஷம்னு ஸ்பாட்டுக்குப் போனாதான் தெரியும்.

பக்கத்துல நின்ன பெரியவருக்கு அறுபது வயசு இருக்கும். “காலேஜா தம்பி?”ன்னு அவரேதான் பேச்சைத் தொடங்கினார். நாடகம் போடுறோம்னு சொன்னதும் குஷியாயிட்டார்.

“ஒரு தடவை கல்யாணப் பந்தி சீன். இலை நிறைய வடை, பாயாசம், அப்பளம். காலைலேர்ந்து நான் ஒண்ணும் சாப்பிடல. டைரக்டர் ‘ஆக்‌ஷன்’னார். எடுத்து வாய்கிட்ட கொண்டு போகணும். ஆனா சாப்பிடக் கூடாது!”

“ஏன்யா?”

“அடுத்த டேக்குக்கு இலை அப்படியே இருக்கணும்ல! கன்டின்யூட்டி! பதினோரு டேக். பதினோரு தடவை வடை மூக்கு வரைக்கும் வந்துட்டு ரிட்டர்ன் போச்சு. கடைசில டைரக்டர் என்னைக் காட்டி, ‘இவர்தான்யா நல்லா சாப்பிடுற மாதிரி நடிக்கிறார்’னார்!”

சொல்லிட்டு அவரே கண்ணுல தண்ணி வர்ற அளவுக்குச் சிரிச்சார். நானும் சிரிச்சேன். வேன் வந்துது. பாதி டீயோட ஓடினார். நான் மட்டும் அங்கேயே நின்னேன். என் பஜ்ஜி ஜோக் ஞாபகம் வந்துடுச்சு.

இப்போ ஒரு உண்மையை உங்ககிட்ட ஒப்புக்கணும். என் ஹீரோ கற்பனை இல்லை. எங்க காலேஜ் சீனியர் ஒருத்தர். ஐ.டி. வேலையை விட்டுட்டு உதவி இயக்குநர் ஆயிட்டார். அவரைப் பத்தி ஹாஸ்டல்ல உலாவுற கதைகளைச் சுட்டுத்தான் நாடகமே எழுதினேன். அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்கல.

வடபழனிலேர்ந்து நடந்தா சாலிகிராமம். பிரசாத் ஸ்டூடியோ இருக்கிற அருணாசலம் ரோடு தாண்டி ஒரு சந்து, மொட்டை மாடி ரூம். ஆறு பேர். சுவத்துல ஆணி அடிச்சு ஒரே ஒரு நீலச் சட்டை, பளபளன்னு அயர்ன் பண்ணி மாட்டியிருக்கு. “தயாரிப்பாளர்கிட்ட கதை சொல்லப் போற சட்டைடா. யாருக்கு அப்பாயின்ட்மென்ட்டோ அவனுக்கு. அயர்ன் செலவு மட்டும் ஷேரிங்!”

அண்ணன் வேலை பார்த்த படம் பாதியில நின்னுபோச்சு. கூடவே பேட்டாவும் நின்னுபோச்சு. அதைச் சொல்லிட்டிருக்கும்போதே அம்மாகிட்டேர்ந்து போன். “சாப்டேன்மா... இன்னிக்கும் ஆபீஸ்தான். கேன்டீன்ல இட்லி.” ரூம்ல ஆறு பேரும் கப்சிப். இன்னும் ஐ.டி. கம்பெனியிலதான் இருக்கார்னு வீட்டுல நினைச்சிட்டிருக்காங்க.

போனை வெச்சதும், “ஏதோ நாடகம்னியே, காட்டு”ன்னார். கை நடுங்க ஸ்கிரிப்டைக் கொடுத்தேன். மூணு இடத்துல சத்தமா சிரிச்சார். அப்பாடா! பஜ்ஜி சீன் வந்தது. சிரிக்கல.

“இது நான்தானே?”

தலையைக் குனிஞ்சேன்.

“நான் திருடலடா. கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். அதுதான் ரொம்பக் கஷ்டம்.”

திட்டியிருந்தாக்கூடப் பரவாயில்லைன்னு இருந்துது. கீழே கூட்டிட்டுப் போய் டீ வாங்கிக் கொடுத்தார். காசை என்னைக் கொடுக்க விடலை.

ரயில்ல திரும்பும்போது நாகேஷ் ஞாபகம். சுந்தரம் டம்ளர் டம்ளரா அடுக்கிக்கிட்டு ஹோட்டலுக்குள்ள நடக்கிறதைப் பார்த்து நாம சிரிக்கிறோம். ஆனா, சர்வர்ங்கறதுக்காக ஒரு இடத்துலகூட அவர் நமக்குக் கேவலமாத் தெரியலை. ஸ்டார் ஆன பிறகு, காதலும் இல்லை, அம்மாவும் இல்லைன்னு ஆனதும், மறுபடியும் சர்வராவே போயிடுறார். அந்த வேலையோட மரியாதை அவருக்குத் தெரியும். நான் எழுதினது பசியைப் பார்த்துச் சிரிக்கிற காமெடி. டீக்கடைப் பெரியவர் சொன்னது பசிச்சவரே சிரிக்கிற காமெடி. ரெண்டுக்கும் நடுவுல எவ்வளவு தூரம்னு தெரிஞ்சுக்க எனக்கு மாம்பலத்துலேர்ந்து சாலிகிராமம் வரைக்கும் போக வேண்டியிருந்தது.

அன்னிக்கு ராத்திரியே பஜ்ஜி சீனைக் கிழிச்சுப் போட்டேன். அந்த இடத்துல இப்போ கல்யாணப் பந்தி, பதினோரு டேக். ரிகர்சல்ல முன்னைவிட அதிகமா சிரிக்கிறாங்க. சிரிச்சு முடிச்சதும் ரெண்டு செகண்ட் அமைதி. அந்த ரெண்டு செகண்டை சார் கவனிச்சுட்டார். ஒண்ணும் சொல்லாம முதுகுல ஒரு தட்டு தட்டிட்டுப் போனார்.

நாடகம் அடுத்த வெள்ளிக்கிழமை. முதல் வரிசையில அண்ணனுக்கு ஒரு ஸீட் போட்டு வெச்சிருக்கேன். நீலச் சட்டை ஃப்ரீயா இருந்தா வர்றேன்னிருக்கார். சிரிப்பாரான்னுதான் தெரியல.

நீங்க வடபழனி போனா, காலைல ஆறு மணிக்குள்ள போயிடுங்க. டீ சொல்லும்போது மட்டும் ரெண்டா சொல்லுங்க. பக்கத்துல கட்டைப் பையோட ஒரு சுந்தரம் நின்னுட்டிருப்பார்!